பூட்டின் பழுதைச் சொல்லலாமா?

கேள்வி: வன்பொருளின் பாதுகாப்பு ஓட்டைகளை வெளிப்படையாகப் பேசுவது திருடனுக்கு வழிகாட்டுவதாகாதா? (ஒரு வாசகர், அமீர்பேட்)

பதில்: இதற்கு உங்கள் ஹைதராபாத்திலேயே சாட்சி உண்டு. 2010இல் அந்நகரப் பொறியாளர் ஹரி பிரசாத், அமெரிக்காவின் ஹால்டர்மன், நெதர்லாந்தின் கோங்கிரைப் ஆகிய கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்களுடன் சேர்ந்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைத் திறந்து சோதித்தார். எண்ணிக்கை காட்டும் பலகையை அச்சு அசலான போலியால் மாற்றிவிட்டால், கைபேசியிலிருந்தே முடிவைத் திரிக்கலாம் என்று செய்து காட்டினர். ஆகஸ்டில், சோதித்த அந்த இயந்திரம் திருடப்பட்டது என்ற வழக்கில் ஹரி பிரசாத் கைதானார். ஆளை அடைத்தால் ஓட்டை அடைபடுமா? திருட நினைப்பவன் தேடிக் கண்டுபிடிப்பான். இருட்டில் இருப்பவர் வாக்காளர்தான். தயாரிப்பாளரிடம் முதலில் சொல்லி, திருத்த அவகாசம் தந்து, பிறகு வெளியிடுவதே முறை. இயந்திரத்தின் ஓட்டை இப்படி வெளிப்படையாகப் பேசப்பட்ட பின், வாக்கைச் சரிபார்க்கும் காகிதச் சீட்டைப் படிப்படியாகக் கொண்டுவர 2013 அக்டோபர் 8இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.