எனக்கென்ன மதினி

மதினிக்கு எப்போதும் ஒன்றுமில்லை. "எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்" என்பார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டுதான் சொல்வார். அந்தக் கை ஏன் அங்கே போனது என்று நாம் கேட்கக் கூடாது.

கொடைக்கானல் மலையில் எங்கள் பள்ளங்கியில் மட்டும் இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். வில்பட்டியில், பூம்பாறையில், மன்னவனூரில், மலையை விட்டுக் கீழே இறங்கினால் வத்தலக்குண்டில் என்று எங்கும் உண்டு. உங்கள் வீட்டில் அவருக்கு அத்தை, சித்தி, அக்கா என்று பெயர் இருக்கும்.

அடுத்தவர் உடம்பெல்லாம் மதினிக்கு மனப்பாடம். எந்தத் தாத்தாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, எந்தப் பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி, எந்த மருமகள் சத்து மாத்திரையை முழுங்காமல் ரோஜாச் செடிக்குப் போடுகிறாள், எல்லாம் தெரியும். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு, வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வரும் பெண்ணுக்கு விட்டுப்போன வீட்டை ஞாபகப்படுத்துவதும் மதினிதான். "உங்க கையை நீட்டுங்கக்கா" என்றால் மட்டும், "கையெல்லாம் மண்ணு தாயி, நாளைக்குப் பார்ப்போம்."

ஆனால் மதினியைப் பார்க்க வேண்டிய இடம் மருத்துவ முகாம். விடிவதற்குள் தெருவையே எழுப்பிவிடுவார். டோக்கன் வாங்கிக் கொடுப்பது, வரிசையில் இடம் பிடிப்பது, நடுவில் புகுந்தவரை விரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. உள்ளே போகக் கூச்சப்பட்டு நின்ற புதுப்பெண்ணிடம், "நீ வெக்கப்பட்டா நோவும் வெக்கப்படுமாக்கும்? போடி உள்ள!" என்று முதுகில் கைவைத்துத் தள்ளியதை நானே பார்த்தேன். நர்ஸம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. எல்லாரும் முடிந்து, "அப்ப நீங்க வாங்கக்கா" என்று அவர் திரும்பிய நொடியில் மதினி அலறினார்: "அய்யய்யோ, அடுப்புல பாலு!"

மதினி வீட்டில் மாடு கிடையாது. காப்பிக்கு வாங்கும் பாக்கெட் பால் காலையிலேயே காலி. ஆனாலும் அந்தப் பால் எல்லா முகாமிலும் பொங்குகிறது. பால் பொங்காத அன்று கரண்டு வந்துவிடும், மோட்டார் போட வேண்டும். கரண்டும் வராவிட்டால் வெள்ளிக்கிழமை. அதுவும் இல்லாவிட்டால் வயது. "இந்தச் சின்ன வயசுல எனக்கென்ன" என்று முப்பதுகளில் சொன்னவர், ஐம்பது தாண்டியதும் "இந்த வயசுக்கு மேல எனக்கென்ன" என்கிறார். நடுவில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சரியான வயது வந்து போயிருக்க வேண்டும். மதினி அப்போது கேரட்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

இத்தனைக்கும் நம் திண்டுக்கல் மாவட்டம் நோயை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் விஷயத்தில் உலகத்துக்கே பாடம் சொன்ன மாவட்டம். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையத்தாரும், பிரான்ஸில் லியோன் நகரத்துப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து 2000இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. ஊறுகாயில் ஊற்றுகிற வினிகரின் புளிப்பு இருக்கிறதே, அந்த அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து பஞ்சால் தொட்டுவைத்து, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். புற்றாக மாறும் முன்பே அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டால், ஒரே ஒரு முறை பார்த்ததற்கே இந்தப் புற்றுநோய் கால்வாசி குறைந்திருந்தது, அதனால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343. கழித்தால் 17,968. அத்தனை பேர் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பில் பால் இருந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் மதினி முகம் சுளித்தார். "வினிகரா? ஊறுகாய்க்கே நான் ஊத்துறதில்ல, அது கெமிக்கலு." இந்தப் புற்றுக்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் உள்ளே வந்து புற்று உண்டாகப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் பிடித்துவிடலாம் என்றேன். "அப்ப என்ன அவசரம்?" என்றார்.

வருமுன் காப்பது மதினிக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அவர் காட்டிலும் விளைகிறது. ஒரு தாளின் நுனி பழுத்தால் போதும், குத்தவைத்து உட்கார்ந்து, தாளை விரித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒரு செடியைப் பிடுங்கி வேரை முகர்ந்தும் பார்ப்பார். மறுநாளே மருந்து. அந்தக் கண்ணில் கால்வாசி தன் பக்கம் திரும்பியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

சரி, சிரித்தது போதும். மாசக்கணக்காக வெள்ளைப்படுதல், இடுப்புவலி என்று அவர் என்னிடம் மட்டும் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை, அதனால் இதைச் சொன்னது ஏதோ ஒரு மதினி என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாம் என்று பள்ளிக்கூட வகுப்பறையில் பாதி ஜன்னலுக்குத் திரை கட்டிவிட்டு "படுங்க" என்றால் யார் படுப்பார்கள்? காட்டில் மறைவிடம் இல்லை என்று மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காத பெண்கள் இவர்கள். ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மதுரைக்கு யார் கூட்டிப்போவது, அன்றைக்குக் கூலி யார் கொடுப்பது, வீட்டில் யார் சமைப்பது? போன மழையில் அண்ணனுக்கு ரெண்டு நாள் இருமல். ராத்திரியோடு ராத்திரியாக ஜீப் பிடித்துக் கொடைக்கானலுக்குப் போனோம். மதினிக்கு மோரும் வெந்தயமும்.

பாலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியாயிற்று. மோட்டாருக்கும் ஆள் இருக்கிறது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியிலேயே தனி அறையில் பார்க்கலாம் என்று நர்ஸம்மா வருகிற புதன்கிழமையைச் சொல்லியிருக்கிறார். முதல்முறையாக மதினி, "சரி, பார்ப்போம்" என்றார்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "புதன்கிழமையா? அன்னிக்குப் பூண்டுக்கு மருந்தடிக்க ஆள் வருதே, சோறு யாரு ஆக்குறது?"