பாதி ஆளை லயத்துக்கு அனுப்பு

1967-ல் புக்கிட் ஆசகான் தோட்டத்துப் பாட்டாளிகள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். என் பஸ்ஸோ மூன்று நாளாக மலாக்கா சென்ட்ரலை விட்டே நகரவில்லை.

பஸ் என்றால் ஜாசினில் என் வீட்டுக் கணினியில் ஓடவேண்டிய பஸ். செக் நாட்டுக்காரர்கள் 2012-ல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2, பெர்லினுக்கும் ரோட்டர்டாமுக்கும் லோரி ஓட்டுகிற விளையாட்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் சும்மா இருக்கவில்லை. பெர்லினில் எனக்கென்ன வேலை? நம் ஊர் ரசிகர்கள் செய்த விரைவு பஸ் மோட் ஒன்றை இறக்கினேன். பஸ் வந்தால் ரோடு வேண்டாமா? மலேசிய வரைபடம். ரோடு வந்தால் மைவி, சாகா கார்கள் வேண்டாமா? சிக்னல் போடாமல் குறுக்கே பாய நாலு மோட்டார்? மழை, ஹாரன், டோல் சாவடி? கல்யாண வீட்டுக்கு ஆள் சேர்ந்த கதையாக 32 மோட் சேர்ந்துவிட்டன. எது விளையாட்டின் எந்தப் பதிப்புக்கு என்று ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியிருப்பார்கள். புதுச்சட்டைத் துண்டுச்சீட்டைப் படிக்காமலே கிழித்துப் போடுகிற ஜாதி நான்.

விளையாட்டை இயக்கினால் காற்றாடி உறுமும். திரை கறுக்கும். அப்புறம் சத்தமே இல்லாமல் டெஸ்க்டாப் வந்து நிற்கும். அங்கே பத்துமலை முருகன் சிரித்துக்கொண்டிருப்பார்.

விழுவதற்கு முன் கடைசியாக என்ன செய்தது என்று விளையாட்டே வரிவரியாக ஒரு லாக் கோப்பில் எழுதிவைக்கிறது. திறந்தேன். ஸ்ரீராமஜெயம் எழுதியது போல் பக்கம் பக்கமாக 'எரர்'. சர்க்கரைச் சோதனை முடிவைப் போல் மூடி வைத்துவிட்டேன்.

"என்னடா, பஸ்சு இன்னிக்கும் எடுக்கலையா?" கோப்பியோடு அப்பா வந்தார். பால்மரக் காலத்து மண்டோர்.

"எவனோ ஒருத்தன் கெடுக்கிறான்ப்பா. மொத்தம் 32 பேரு."

"பாதிய பெரட்டுல நிறுத்து. பாதிய லயத்துக்கு அனுப்பு."

ஒருமுறை ஸ்டோரில் பால் சீக்கிரமே கட்டிக்கொண்டதாம். எவரோ பால் மங்குகளைத் துடைக்காமல் அழுக்கோடு பால் எடுக்கிறார்கள். அம்மோனியாவைக் கூட்டச் சொன்னார் கிராணி. அப்பா கேட்கவில்லை. பாதிப் பேர் வாளியை ஒரு தொட்டியில் ஊற்றவிட்டார், மீதியை இன்னொன்றில். எது கட்டியதோ அந்தக் கூட்டத்தை மறுநாள் இன்னும் இரண்டாகப் பிரித்தார். ஒரு வாரத்துக்குள் ஆளைப் பிடித்துவிட்டார். பிடிபட்டவர் யாரென்று இன்றுவரை சொல்லவில்லை, சொந்தக்காரராக இருக்கவேண்டும்.

32, 16, 8, 4, 2, 1. ஐந்தே தரம். முதல் 16-ஐ மட்டும் இயக்கினேன். பஸ் கிளம்பியது. குற்றவாளி அடுத்த 16-ல் என்று அதை இயக்கினால், அதுவும் தங்கமாக ஓடுகிறது. சேர்த்து விட்டால் மறுபடி முருகன்.

அப்பா கோப்பியைக் கீழே வைத்தார். "அப்ப தனியாளு இல்லடா. ரெண்டு மண்டோரு ஒரே நெரைய கேக்குறானுங்க."

லாக்கின் வாலை மட்டும் பார்த்தேன். அதுதான். மைவிகளைக் கொண்டுவந்த மோடும் மோட்டார்களைக் கொண்டுவந்த மோடும் போக்குவரத்துக் கோப்பு ஒன்றையே திருத்தியிருந்தன. இந்த விளையாட்டில் பட்டியலில் மேலே நிற்பவன் சொன்னதுதான் செல்லும். கீழே நின்றவன் தன் வண்டிகளைத் தேடிக் காணாமல் கூரையையே பிரித்திருக்கிறான். இதை முதல் நாளே படித்திருந்தால் அப்பாவின் கதை கிடைத்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மோட்டார்களை வீட்டுக்கு அனுப்பினேன். நோன்புப் பெருநாள் காலை போல் ரோடு வெறிச்சென்றிருந்தது. ஆனால் பஸ் ஓடியது. ஆயர் குரோ டோல் தெரிந்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படியே ஆசகான் பக்கம் விடு."

"இந்தப் படத்துல அந்த ரோடு இல்லப்பா."

"31 பேர வச்சிருக்க. ரோடு போட ஒருத்தன் இல்லையா?"

தேடினேன். எந்தப் புண்ணியவானோ மலாக்காவின் உள்ரோடுகளைச் செய்து வைத்திருந்தார். அடியில் எந்தப் பதிப்புக்கு என்று ஏதோ எழுதியிருந்தது. அப்பா அவசரப்பட்டதால் படிக்காமலே இறக்கினேன்.