கேள்வி-பதில்: முத்திரையைக் கேடயமாக்கிய பேராயர்

சென்ற வாரம் ஒரு பதிலுக்கு நடுவே பேராயர் ஆஞ்சலோ ரோத்தாவின் பெயரைச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘யார் அவர்?’ என்றே கேட்கின்றன. ஆகவே இந்த வாரப் பக்கம் முழுவதும் அவருக்கே.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள். யார் இந்த ரோத்தா?

பதில்: இத்தாலியின் மிலான் நகரில் 1872இல் பிறந்த கத்தோலிக்கக் குரு. 1930 முதல் 1945 வரை ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் திருத்தந்தையின் தூதராக இருந்தார். 1944இல் அங்கே யூதர்கள் வேட்டையாடப்பட்டபோது, தன் பதவியையும் கையெழுத்தையும் கொண்டு ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

கேள்வி: பூசை வைக்க வேண்டிய சாமியாருக்குத் தூதர் வேலை எதற்கு?

பதில்: வத்திக்கானில் இருக்கும் திருப்பீடம், நாடுகளோடு நாடாக உறவு வைத்திருக்கிறது. இந்தியாவோடு அதன் தூதரக உறவு 1948இல் தொடங்கியது. தூதுப் பணிக்குக் குருக்களைப் பயிற்றுவிக்க ரோமில் 1701 முதல் ஒரு கல்விக்கூடமே இயங்குகிறது. இந்தத் தூதரின் பின்னால் படை கிடையாது, எண்ணெய்க் கிணறு கிடையாது. சொல்லும் முத்திரையும்தான் அவர் பலம். ஆனால் கத்தோலிக்க மரபுள்ள பல நாடுகளில் ஒரு வழக்கம் உண்டு: யார் முதலில் வந்தார் என்று பார்க்காமல், தூதர்கள் அனைவருக்கும் மூத்தவராகத் திருப்பீடத் தூதரையே ஏற்பார்கள். புடாபெஸ்டில் அந்த முதல் நாற்காலி ரோத்தாவுடையது. அதை அவர் விருந்து மண்டபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: அதற்கு முன் எங்கெல்லாம் பணியாற்றினார்?

பதில்: 1895இல் குருவானார். 1922இல், ஐம்பது வயதில், பேராயராக உயர்த்தி மத்திய அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1925இல் இஸ்தான்புல். 1930இல் புடாபெஸ்ட். பரபரப்பில்லாத, ஒழுங்கான உத்தியோக வாழ்க்கை. மனிதர் யார் என்பது கடைசி ஓராண்டில் தெரிந்தது.

கேள்வி: ஹங்கேரி ஜெர்மனியின் கூட்டாளி நாடுதானே? பிறகு ஏன் ஜெர்மனி அதை ஆக்கிரமித்தது?

பதில்: போர் தோல்விப் பாதையில் போவதைக் கண்ட ஹங்கேரியின் ஆட்சித் தலைவர் ஹோர்த்தி, நேச நாடுகளோடு ரகசியமாகப் பேச முயன்றார். ஹிட்லருக்கு அது தெரிந்துவிட்டது. 1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்புவதையே வேலையாகக் கொண்ட ஐக்மனும் அவனது ஆட்களும் கூடவே வந்தார்கள். ஏப்ரல் 5 முதல் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று உத்தரவு. மே 15 முதல் ஜூலை 9 வரை 56 நாள்களில் சுமார் 4,37,000 பேர் ரயிலேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். வீடு வீடாகப் பிடித்துச் சரக்குப் பெட்டிகளில் அடைத்தது ஹங்கேரியின் சொந்தக் காவல் படை. இதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கேள்வி: அந்த 56 நாள்களில் ரோத்தா என்ன செய்தார்?

பதில்: ரயில்கள் புறப்படத் தொடங்கிய மே 15 அன்றே அரசுக்கு எழுத்துமூலம் கண்டனம் தெரிவித்தார். இனத்தைக் காரணம் காட்டி மனிதரைத் துன்புறுத்துவதே இயற்கை நீதிக்கு விரோதம் என்பது அவர் வாதம். ‘வெளிநாட்டு வேலைக்குத்தான் அனுப்புகிறோம்’ என்று அரசு மழுப்பியபோது, கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் எந்த வேலைக்கு அனுப்புகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். ஹங்கேரியத் திருச்சபையின் தலைவர் கர்தினால் ஷெரேடியிடம், ஆயர்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று வற்புறுத்தினார். சுற்றுமடல் எழுதப்பட்டது. அரசு நெருக்கியதும், பெரும்பாலான கோயில்களில் படிக்கப்படாமலே திரும்பப் பெறப்பட்டது. அந்த மௌனம் திருச்சபைக்கு ஒரு தழும்பு. தூதரின் குரல் இருந்ததால் அந்தத் தழும்பு மறைந்துவிடாது.

கேள்வி: ரயில்களை நிறுத்தியது யார்?

பதில்: ஒருவர் அல்ல. ஜூன் 25 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஹோர்த்திக்குத் தந்தி அனுப்பினார். ஸ்வீடன் மன்னர் எழுதினார். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் எச்சரித்தார். ஜூலை 2 அன்று புடாபெஸ்ட் மீது குண்டுகள் விழுந்தன. ஜூலை 7 அன்று ஹோர்த்தி நிறுத்தச் சொன்னார். தலைநகரின் யூதர்கள் தற்காலிகமாகத் தப்பினார்கள். அதற்குள் வெளியூர்களில் யூதர்களே இல்லை என்ற நிலை.

கேள்வி: மதம் மாறிய யூதர்களை மட்டுமே திருச்சபை காப்பாற்றியது என்று படித்திருக்கிறேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை, அந்தப் பாதியை மறைக்கக் கூடாது. தொடக்கத்தில் ஞானஸ்நானம் பெற்ற யூதர்களுக்காகவே திருச்சபை அதிகம் மன்றாடியது. ‘இவர்கள் எங்கள் மக்கள்’ என்று அரசிடம் வாதிட அதுதான் கையில் கிடைத்த சட்டப் பிடி. ஆனால் ரோத்தா அங்கேயே நின்றுவிடவில்லை. அக்டோபருக்குப் பிறகு அவரது பாதுகாப்புக் கடிதங்கள் ஞானஸ்நானம் பெற்றவர், பெறாதவர் என்று பார்த்து வழங்கப்படவில்லை. தொடங்கிய இடத்தையும் சொல்வோம், வந்து சேர்ந்த இடத்தையும் சொல்வோம்.

கேள்வி: அக்டோபரில் என்ன ஆயிற்று?

பதில்: 1944 அக்டோபர் 15 அன்று ஹோர்த்தி போரிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ஜெர்மானியர் அன்றே அவரைக் கவிழ்த்து, நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சியின் தலைவன் சாலாஷியிடம் ஆட்சியைக் கொடுத்தார்கள். அதன்பின் கொலை தெருவுக்கு வந்தது. டான்யூப் நதிக்கரையில் மனிதர்களை நிற்க வைத்துச் சுட்டார்கள்.

கேள்வி: ஒரு காகிதம் எப்படித் துப்பாக்கியைத் தடுக்கும்?

பதில்: துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் ஒரு தேவை இருக்கும்போது தடுக்கும். சாலாஷி, தன் ஆட்சியை உலகம் அங்கீகரிக்க வேண்டும் என்று ஏங்கினான். நடுநிலை நாடுகளின் தூதர்களும் திருப்பீடத் தூதரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்: எங்கள் பாதுகாப்புக் கடிதங்களை மதித்தால்தான் பேச்சு. அரசு ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணிக்கை ஒதுக்கியது. சுவிட்சர்லாந்துக்கு 7,800, ஸ்வீடனுக்கு 4,500, திருப்பீடத்துக்கு 2,500. ரோத்தாவின் அலுவலகம் அந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை. அங்கிருந்து வெளியேறிய கடிதங்கள் ஏறத்தாழ 15,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. கடிதம் பெற்றவர்கள் தங்க, தூதரகங்களின் பாதுகாப்பில் வீடுகள் ஒதுக்கப்பட்டன.

கேள்வி: கடிதம் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தார்களா?

பதில்: இல்லை. கடிதத்தைக் கிழித்தெறிந்து கொன்றவர்களும் இருந்தார்கள். அதனால்தான் காகிதத்தோடு மனிதர்களும் துணைக்குப் போக வேண்டியிருந்தது. கன்னியர் மடங்கள் கதவைத் திறந்தன. அருட்சகோதரி சாரா ஷல்கஹாஸி, தான் ஒளித்து வைத்தவர்களோடு டிசம்பர் 27 அன்று டான்யூப் கரையில் சுடப்பட்டார். 2006இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

கேள்வி: ரோத்தாவோடு துணை நின்றவர்கள் யார்?

பதில்: இருவரை அவசியம் சொல்ல வேண்டும். ஒருவர் ஜென்னாரோ வெரோலினோ, தூதரகத்தில் ரோத்தாவின் செயலர், நாற்பது வயதைத் தொடாத இளம் குரு. மற்றவர் ஷாண்டோர் ஊய்வாரி, செஞ்சிலுவைச் சங்கத்தோடு பணியாற்றியவர். நவம்பரில் ரயில்கள் போதாமல், பல்லாயிரக்கணக்கான யூதர்களைக் குளிரில் ஆஸ்திரிய எல்லையிலுள்ள ஹெட்யெஷ்ஹாலோமை நோக்கி நடத்தியே கூட்டிச் சென்றார்கள். விழுந்தவர்கள் சாலையோரத்தில் செத்தார்கள். ரோத்தா கையெழுத்திட்டு, பெயருக்கான இடம் நிரப்பப்படாத கடிதங்களை எடுத்துக்கொண்டு ஊய்வாரி அந்தச் சாலைக்குப் போனார். அங்கேயே பெயரை எழுதி, ‘இவர் எங்கள் பாதுகாப்பில் இருக்கிறார்’ என்று ஆட்களை மீட்டுக் கொண்டுவந்தார்.

கேள்வி: பெயரில்லாத கடிதத்தில் கையெழுத்து, பொய்யான சான்றிதழ்... ஒரு பேராயர் செய்யலாமா?

பதில்: ஊய்வாரிக்கே அந்த உறுத்தல் இருந்தது. பொய் சொல்கிறேன், போலிப் பத்திரம் தயாரிக்கிறேன் என்று ரோத்தாவிடம் ஒப்புக்கொண்டார். குற்றமற்றவர்களைக் காப்பாற்றும் இந்த வேலை கடவுளுக்கு உகந்தது, தொடர்ந்து செய் என்று சொல்லி, முன்கூட்டியே பாவமன்னிப்பு வழங்கினார் ரோத்தா. கொலைக்கு முழுச் சட்டமும் துணை நிற்கும் ஊரில், உயிரைக் காக்கச் சொன்ன பொய்யே அறம். என் தீர்ப்பும் அதுதான்.

கேள்வி: புடாபெஸ்ட் என்றால் ஸ்வீடனின் ரவுல் வாலன்பெர்க் பெயர்தானே நினைவுக்கு வருகிறது?

பதில்: வர வேண்டிய பெயர்தான். 31 வயதில், 1944 ஜூலையில் யூதர்களைக் காக்க அங்கே வந்திறங்கியவர். சோவியத் படையினர் பிடித்துச் சென்றபின் திரும்பவே இல்லை. சுவிட்சர்லாந்தின் கார்ல் லூட்ஸ், ஸ்பெயினின் சான்ஸ் பிரிஸ், அவருக்குப் பின் தன்னை ஸ்பெயின் தூதராகச் சொல்லிக்கொண்டே மக்களைக் காத்த இத்தாலிய வியாபாரி பெர்லாஸ்கா என்று பட்டியல் நீளும். இவர்கள் தனித்தனித் தீவுகள் அல்ல. புடாபெஸ்ட் யூதர்களையும் நாடுகடத்தப் போகிறார்கள் என்ற செய்தி பரவியபோது, ஆகஸ்ட் 21 அன்று ஐந்து தூதரகங்கள் சேர்ந்து கண்டன மடல் கொடுத்தன. நவம்பர் 17 அன்று மீண்டும் ஒன்று. மூத்தவர் என்ற முறையில் இரண்டுக்கும் முன் நின்றவர் ரோத்தா. வாலன்பெர்க்கைக் கொண்டாடுவதற்காக ரோத்தாவை மறக்க வேண்டியதில்லை.

கேள்வி: பின்னாளில் திருத்தந்தையான 23ஆம் யோவானுக்கும் இதில் பங்கு உண்டாமே?

பதில்: உண்டு. அப்போது அவர் ஆஞ்சலோ ரொன்கல்லி. 1935 முதல் 1944 வரை இஸ்தான்புல்லில், ஒரு காலத்தில் ரோத்தா வகித்த அதே பொறுப்பில் இருந்தார். அங்கிருந்த யூத அமைப்பின் பிரதிநிதி ஹாயிம் பார்லாஸ், பாலஸ்தீனத்தில் குடியேறுவதற்கான சான்றுகளைக் கொண்டுவந்து கொடுக்க, ரொன்கல்லி அவற்றைப் புடாபெஸ்டில் இருந்த ரோத்தாவுக்கு அனுப்பிவைத்தார். 1958இல் திருத்தந்தையானதும், யூதர்களைப் பற்றிய இழிசொல்லைப் புனித வெள்ளி மன்றாட்டிலிருந்து நீக்கினார். அந்தப் போர்க்கால அனுபவம் அவரை விட்டு அகலவில்லை என்பதற்கு இது சாட்சி.

கேள்வி: தூதர் இவ்வளவு பேசினார். ரோமில் இருந்த திருத்தந்தை ஏன் ஊரறியப் பேசவில்லை?

பதில்: இன்றும் சூடு தணியாத கேள்வி. பேசினால் கொடுமை கூடும் என்று அஞ்சினார் என்கிறார்கள் ஒரு சாரார். பேசியிருந்தால் கத்தோலிக்கர் பலரின் மனசாட்சி விழித்திருக்கும் என்கிறார்கள் மறு சாரார். அந்தக் காலத்து ஆவணங்களை ஆய்வாளர்களுக்கு வத்திக்கான் 2020 மார்ச்சில் திறந்துவிட்டது, ஆய்வு நடக்கிறது. ஹங்கேரியைப் பொறுத்தவரை, ஜூன் 25 தந்தி பயன் தந்தது. அது மே மாதமே போயிருக்க வேண்டும் என்பதும் நியாயமான வருத்தம்.

கேள்வி: சோவியத் படை நகரைச் சூழ்ந்தபோது ரோத்தா தப்பித்துப் போனாரா?

பதில்: சாலாஷியின் அரசு மேற்கே ஓடியது, தூதர்களையும் கூட வரச் சொன்னது. ரோத்தா போகவில்லை. குண்டுமழையில் புடா மலைமேல் இருந்த தூதரகம் சேதமடைந்தது. உள்ளே அடைக்கலம் புகுந்தவர்களோடு அவரும் இருந்தார். 1945 ஜனவரி 18 அன்று பெஸ்ட் பகுதியும், பிப்ரவரி 13 அன்று புடாவும் விடுபட்டன. ஆனால் ஏப்ரலில் சோவியத் அதிகாரிகள் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அடுத்த 45 ஆண்டுகள் புடாபெஸ்டில் திருப்பீடத் தூதரே கிடையாது. உறவு மீண்டது 1990 பிப்ரவரியில்.

கேள்வி: அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது?

பதில்: வாழ்ந்த காலத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. கர்தினால் பட்டம்கூட வரவில்லை. 1965 பிப்ரவரி 1 அன்று 92 வயதில் இறந்தார். 1997இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் அமைப்பு, யூதர்களைக் காத்த பிற மதத்தவருக்கு வழங்கும் ‘உலக நாடுகளின் நேர்மையாளர்’ என்ற சிறப்பை அவருக்கு அளித்தது. வெரோலினோவுக்கு 2004இல் ஸ்வீடனின் பேர் ஆங்கர் விருது. அதை முதன்முதலில் பெற்றவர் அவரே. மறுஆண்டு 99 வயதில் காலமானார். யாத் வாஷெம் அவரையும் 2007இல் நேர்மையாளர் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: எண்பது ஆண்டுக்கு முந்தைய கதை. எனக்கென்ன அதில்?

பதில்: உங்கள் மேசையில் ஒரு முத்திரை இருக்கிறதா? பேனா இருக்கிறதா? உங்கள் கையெழுத்துக்காக வெளியே யாராவது காத்திருக்கிறார்களா? அப்படியானால் இது உங்கள் கதை. 2,500தான் கணக்கு என்று ரோத்தா நிறுத்தியிருந்தால் எந்த மேலதிகாரியும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார். அவர் நிறுத்தவில்லை. அடைக்கலம் தேடி வந்தவரின் தாளைப் புரட்டும்போது, மறுப்பதற்கு விதி தேடாதீர்கள், கொடுப்பதற்குத் தேடுங்கள். கட்டாயம் ஒன்று கிடைக்கும்.