மணல்னு இருந்தா மணல்னு போடு

எய்யா, ரெண்டாயிரம் இங்கிலீசு வார்த்தைய உருப்போட்டு முடிச்சுட்டியாமே! ஒங்க ஆச்சி இனிகோ நகர்லருந்து திரேஸ்புரம் வரைக்கும் சொல்லிட்டு அலையுதா. மீன் விக்க வந்தவகிட்டகூடச் சொல்லியாச்சு, பேரன் டிக்‌ஷனரியையே முழுங்கிட்டான்னு. முழுங்கினது செரிச்சுதான்னு கேக்கத்தான் ஒன்னக் கூப்பிட்டேன். உக்காரு. அந்தப் போனைக் கவுத்தி வை.

நான் தோணியில தண்டலா இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவன். எனக்குத் தெரிஞ்சது துறைமுகத்து இங்கிலீசு. அதுல இலக்கணம் இருக்காது. ஆனா காகிதத்தைத் தப்பா வாசிச்சா ஒரு தோணிச் சரக்குக்குப் பதில் சொல்லணும். பரீட்சையில ஒரு கேள்வியத் தப்பா வாசிச்சா ஒனக்குப் போறது வெறும் ஆறு மார்க்கு. வரவேண்டிய அஞ்சு, கையிலருந்து ஒண்ணு.

அது எப்படி ஆறுன்னு முழிக்கே பாத்தியா? அப்போ நீ விவரக்குறிப்பையே வாசிக்கல. காலேஜுல சேர நீ எழுதப்போற க்யூட் பரீட்சையில மொதப் பத்தியே அதுதான்யா. அதுக்கு மார்க்கு கெடையாது, தப்பா வாசிச்சா ஒரு வருசம் போகும். கேட்டா, "நெட் சென்டர் அண்ணன் எல்லாம் பாத்துக்கிட்டாரு தாத்தா"ங்க. அப்போ அந்த அண்ணனையே காலேஜுக்கும் அனுப்பிரு, நீ இங்கன கடையப் பாத்துக்கோ.

கேளு. 2022ல ஆரம்பிச்ச பரீட்சை, நடத்துதது தேசியத் தேர்வு முகமை. 2025லருந்து ஒரு தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிசம். பிடிக்காததுல சிலதை விட்டுக்கிடலாம்ங்கிற பழைய சலுகை போச்சு. சரின்னா 5, தப்புன்னா 1 கழியும். அஞ்சு தாள் வரைக்கும் எடுக்கலாம். மொழித் தாளுக்கு 13 மொழி உண்டு, அதுல தமிழும் ஒண்ணு. நீ கேக்கிற படிப்புக்கு இங்கிலீசுத் தாளே வேணுமா, தமிழே போதுமான்னு படிப்புக்குப் படிப்பு மாறும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமோ டில்லியோ, அந்தந்த அறிவிப்புல போய்ப் பாத்துக்கோ. இந்தப் பரீட்சையே வேண்டாம்னு 2022 ஏப்ரல்ல நம்ம சட்டசபை தீர்மானம் போட்டுச்சு. நானும் அந்தக் கட்சிதான். ஆனா தீர்மானம் கோட்டையில கெடக்கு, நீ இங்கன கெடக்க. வேண்டாம்னு சொல்லிக்கிட்டே நல்லா எழுதிட்டு வா, அதுல ஒண்ணும் குத்தம் இல்ல.

இங்கிலீசுத் தாள்ல மூணு வகைப் பத்தி வரும்னு பாடத்திட்டத்துலயே போட்டிருக்கான். தகவல் சொல்லுதது, கதையாப் போறது, இலக்கியமா இருக்கிறது. ஒவ்வொண்ணும் 300, மிஞ்சிப்போனா 350 வார்த்தை. அம்புட்டுத்தான். 350 வார்த்தையப் புரிஞ்சுக்கிறதுக்கு ரெண்டாயிரத்தை முழுங்கின மொத ஆளு நீதான்னு நினைச்சிராத, ஊரு பூரா இதே சீக்குத்தான். ஒத்தை ஒத்தையா உருப்போட்டா என்ன ஆகும்? வெள்ளைக்காரன் நம்ம முத்துப்பாரை 'பேர்ல் பேங்க்'னு எழுதி வச்சிருக்கான். நீ பேங்க்னா வங்கின்னு படிச்சவன். கடலுக்கடியில பாஸ்புக்கோட நிப்ப. முன்னால ஒரு வரி, பின்னால ஒரு வரி வாசிச்சிருந்தா அங்க சிப்பி கெடக்கிறது தெரிஞ்சிருக்கும்.

அம்பது கேள்விக்கு அறுபது நிமிசம்னா கேள்விக்கு 72 வினாடி. இந்தத் தூத்துக்குடிக் கரையில கடைசி முத்துக்குளிப்பு 1961ல. அதுல எங்க அய்யா முங்கியிருக்காரு. அவருக்கு இருந்த மூச்சும் ஒரு நிமிசம், கொஞ்சம் முன்னப் பின்ன. கல்லு மேல காலை வச்சு இறங்கினா, கீழ போய் வேடிக்கை பாக்க மாட்டாரு. இன்னது எடுக்கணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் முங்குவாரு. நீ என்ன பண்ணுத? பத்தியில மொத வார்த்தையிலருந்து வாய்க்குள்ளயே முணுமுணுத்துட்டுப் போயி, கடைசி வார்த்தைக்கு வரும்போது மொத வரி மறந்துபோயி, திரும்பவும் மேல ஏறுத. மொதல்ல கேள்வியப் படி. கேள்வியை மட்டும். கீழ இருக்கிற நாலு விடையை அப்போ பாக்காத. நாலுல மூணு பொய்யி. பொய்யை முதல்ல வாசிச்சுட்டுப் பத்திக்குள்ள போனா, பத்தி பூரா அந்தப் பொய்தான் தெரியும்.

கோச்சிங் போறியே, அதை வேண்டாம்னு சொல்லல. மார்க்கோ போலோன்னு ஒருத்தன் 13ஆம் நூற்றாண்டு முடியப்போற நேரத்துல இந்தக் கடலைப் பத்திச் சொல்லி வச்சிருக்கான். முத்துக்குளிக்கப் போறவங்க மந்திரக்காரங்களையும் கூட்டிட்டுப் போவாங்களாம், பெரிய மீனு வந்து ஆளைக் கடிக்காம வாயைக் கட்டுததுக்கு. கடல்கட்டின்னு நாம சொல்லுவோமே, அவங்கதான். கூலி, எடுத்த முத்துல இருபதுல ஒரு பங்கு. ராத்திரியானா மந்திரத்தை அவுத்து விட்டுருவாங்களாம், கள்ளத்தனமா எவனும் முங்கக் கூடாதுன்னு. என்ன விவரம் பாரு! முப்பது நாள்ல இங்கிலீசுங்கிற ஒங்க கோச்சிங் கடல்கட்டி இவங்களவிட விவரம். பழைய ஆளு முத்து கெடைச்ச பிறகுதான் பங்கு கேட்டான். இவரு நீ தண்ணியில கால் வைக்கும் முன்னாலயே ரசீதைக் கிழிச்சுருதாரு. மந்திரம் தைரியம் குடுக்கும்யா. முங்குதது நீதான்.

இப்போ முக்கியமான சங்கதிக்கு வாரேன். நம்ம கரைப் பிள்ளைக எங்க கவுந்துபோறீங்க தெரியுமா? தெரியாத விசயத்துல இல்ல, தெரிஞ்ச விசயத்துல.

முத்தைப் பத்தி ஒரு பத்தி வருதுன்னு வச்சுக்கோ. எழுதினவன் டில்லியிலயோ லண்டன்லயோ இருக்கான். சிப்பிக்குள்ள ஒரு மணல் துகள் போயி உறுத்துது, அதைச் சுத்தி முத்து வளருதுன்னு எழுதியிருக்கான். கேள்வி: இந்தப் பத்தியின்படி முத்து உருவாக எது காரணம்? நீ மீன் ஆராய்ச்சி நிலையத்துச் சுவரைப் பாத்து வளந்தவன். 1902ல ஹெர்ட்மேன்னு ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி இலங்கைப் பக்கம் வந்து, ஹார்னெல்ங்கிறவரோட சேந்து முத்துச்சிப்பியை ஆராய்ஞ்சு, புழுதான் காரணம்னு சொன்னதும் ஒனக்குத் தெரியும். 1973ல இதே தூத்துக்குடியில மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க சிப்பிக்குள்ள மணியையும், வேற சிப்பியோட சதைத் துண்டையும் ஒட்டவச்சு வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினதும் தெரியும். நாலு விடையில மணல் இருக்கு, புழுவும் இருக்கு. ஒனக்கு ரோசம் வந்துருது. "முத்தைப் பத்தி எங்களுக்கே சொல்லித்தாரியா?"ன்னு புழுவைப் போட்டுட்டு வந்துருவ. ஊருக்குள்ள நீ சொன்னது சரி. கம்ப்யூட்டர்ல தப்பு.

பத்தியில மணல்னு இருந்தா மணல்னு போடு. எழுதினவன் மடையனா இருந்தா, அந்த மடத்தனத்தைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டியான்னுதான் கேள்வி கேக்குதான். அவனைத் திருத்தச் சொல்லி ஒன்ன யாரும் கூப்பிடல. திருத்தணும்னா பட்டம் வாங்கிட்டு வந்து ஒரு புஸ்தகம் போடு, மொத ஆளா நான் வாங்குதேன். விலை கொறைச்சுக் குடு.

விடை பெருசாப் பேசுதாங்கிறதையும் பாரு. நம்ம தோணிகள்ல சிலது மாலத்தீவுக்குக் காய்கறி கொண்டுபோகுதுன்னு பத்தி சொல்லும். கீழ ஒரு விடை வந்து, தூத்துக்குடித் தோணி எல்லாமே மாலத்தீவுக்குத்தான் போகுதுன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கும். எல்லாம், எப்பவும், மட்டும்தான், ஒருக்காலும் இல்லன்னு சத்தம் போடுத விடையைக் கண்டா, பத்தியும் அந்த அளவுக்குச் சத்தம் போட்டிருக்கான்னு பாரு. அநேகமாப் போட்டிருக்காது.

அடுத்தது, யாரு சொல்லுதாங்கிறது. இதை எனக்குக் கத்துக்குடுத்தது கப்பல் காகிதம். மூட்டைக்குள்ள சீனி இருக்குன்னு எந்தக் கப்பல்காரனும் எழுதித் தர மாட்டான். சீனி இருப்பதாக அனுப்பினவர் சொல்லுகிறார்னுதான் காகிதத்துல இருக்கும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்ங்கியா? கொழும்புல மூட்டையைப் பிரிச்சு உள்ள தவிடு இருந்தா, மொதக் காகிதத்துக்குக் கப்பல்காரன் மாட்டுவான், ரெண்டாவதுக்கு அனுப்பினவன் மாட்டுவான். பத்தியிலயும் இதே கதைதான். சிலர் இப்படி நினைக்கிறார்கள், பழைய அறிஞர்கள் அப்படிச் சொன்னார்கள்னு எழுதிட்டே போயி, நடுவுல ஒரு 'ஆனால்' போட்டு எல்லாத்தையும் கவுத்துவான். ஆசிரியரின் கருத்து எதுன்னு கேட்டா, நீ அந்தப் பழைய அறிஞரைக் கொண்டுபோய் நிறுத்துத. ஆனால், இருப்பினும், மாறாகங்கிற மாதிரி வார்த்தை எங்க வருதோ அங்கதான் ஆசிரியன் வாயைத் திறக்கான். அதுவரைக்கும் மத்தவன் மூட்டையைத்தான் சுமந்துட்டு வந்தான்.

சரி, வீட்டுல எப்படிப் பழகுதது? காசு செலவு இல்லாத வழி ஒண்ணு இருக்கு. நம்ம வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாரு, 1908ல உள்ள தள்ளிட்டாங்க. செக்கிழுத்ததைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. அந்தச் சிறைக்குள்ள இருந்துக்கிட்டே ஜேம்ஸ் ஆலன்ங்கிற இங்கிலீசுக்காரர் எழுதினதைத் தமிழ்ல 'மனம் போல வாழ்வு'ன்னு ஆக்கினதை யாரும் சொல்லுததில்ல. ஒரு பாசையில இருக்கிறதை இன்னொண்ணுல சொல்லணும்னா ஒரு வரியைக்கூட முழுங்கிட்டுப் போக முடியாது. நீ புஸ்தகம் எழுத வேண்டாம். தெனம் இங்கிலீசுப் பேப்பர்ல தலையங்கம் ஒண்ணை வாசி. வாசிச்சுட்டு மூடி வச்சுட்டு, ஒங்க ஆச்சிகிட்டப் போயி அவன் என்னதான் சொல்லுதான்னு நாலு வரியில தமிழ்ல சொல்லு. அவ "அதுக்கு என்னலே இப்போ?"ன்னு கேப்பா. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சா ஒனக்குப் பத்தி புரிஞ்சிருக்கு. வாயைத் திறந்துக்கிட்டு நின்னா புரியல, திரும்ப வாசி. ஆச்சிக்கு ஃபீஸ் கெடையாது. வெத்திலை மட்டும்.

ஒன் கூட்டாளி வக்கீலுக்குப் படிக்கப் போறானாமே, அவங்கிட்டயும் சொல்லு. கிளாட்ல பத்தி இன்னும் நீளம், 450 வார்த்தை வரும். ரெண்டு மணி நேரத்துல 120 கேள்வி, தப்புக்குக் கால் மார்க்கு போகும். கப்பலுக்குப் போறேன்னு குதிக்கானே இன்னொருத்தன், அவன் பத்துலயோ பன்னெண்டுலயோ இங்கிலீசுல 50 சதவீதம் எடுத்திருக்கணும். இல்லன்னா இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்து நாட்டிக்கல் சயின்ஸ் பக்கம் தலைவச்சும் படுக்க முடியாது. என்னையத் தோணியில ஏத்தினப்போ நீந்தத் தெரியுமான்னுதான் கேட்டாங்க. காலம்யா.

கடைசியா, க்யூட்ல ஒங்க வாத்தியாருக பயமுறுத்துத கழிவு மார்க்கு. ஒண்ணு போயிருமேன்னு பதறி வெத்துக் கட்டமா விட்டுட்டு வராத. நான் தண்டல், கணக்கு எனக்குப் பிழைப்பு. கண்ணை மூடிட்டு நாலு கேள்விக்குக் குத்தினா, சராசரியா ஒண்ணு விழும், மூணு போகும். அஞ்சு வரவு, மூணு செலவு, கையில ரெண்டு. வாசிச்சுப் பாத்து நாலு விடையில ரெண்டைத் தள்ளிட்டேன்னா, மிச்ச ரெண்டுல பாதிக்குப் பாதி. ரெண்டு கேள்விக்கு அஞ்சு வரவு, ஒண்ணு செலவு, கையில நாலு. இந்தப் பரீட்சையில சும்மா விட்டுட்டு வந்த கேள்விக்கு மட்டும்தான் வரவே கெடையாது.