டிரம் அழகர்

பழைய கார் வைத்திருப்பவர்களில் பல ரகம் உண்டு. கவர் போட்டு மூடி, அந்தக் கவரை மட்டும் தினமும் தூசு தட்டுகிறவர் ஒரு ரகம். முகூர்த்த மாதங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு இரவல் கொடுத்துப் பெயர் வாங்குகிறவர் இன்னொரு ரகம். கணியம்பாடியில், வேலூர்–திருவண்ணாமலைச் சாலையை விட்டு உள்ளே திரும்பும் தெருக்களில் காணக் கிடைக்கும் மூன்றாவது ரகம், பிரேக் டிரம்முக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். தோல் தொழிற்சாலையிலோ அரசு அலுவலகத்திலோ ஓய்வு பெற்றவராக இருப்பார். வண்டி பெரும்பாலும் அம்பாசிடர். அந்தக் காரில் டிரம் இருப்பதோ சக்கரத் தகட்டுக்குப் பின்னால், அதற்கு மேல் வீல் கப் வேறு. இவர் இரண்டு நாள் உழைத்துப் பூசிய கறுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருவர் தரையில் படுத்துக் கழுத்தைத் திருப்ப வேண்டும். “சக்கரத்துக்கு உள்ளே யாருங்க எட்டிப் பார்க்கப் போறாங்க?” என்று வீட்டம்மா கேட்பார். “எனக்குத் தெரியுமில்ல?” என்பதுதான் பதில். தெரு சிரிக்கிறது. சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதே தெருவில் நம்பி ஏறக்கூடிய பழைய வண்டி இவருடையது ஒன்றுதான் என்பது என் கட்சி.

காரணம் பெயிண்ட் அல்ல. பெயிண்ட் அடிக்க வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். நம் ஊரில் பஞ்சர் ஆனாலொழிய யாரும் சக்கரத்தைக் கழற்றுவதில்லை. இவர் வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, மறுபக்கச் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி ஏற்றி, அட்ஜஸ்டரைப் பின்வாங்கி, டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டி, கடைசியில் அது கழன்று மடியில் விழும்போது, தான் பார்க்க நினைக்காத பலவற்றையும் பார்த்துவிடுகிறார். லைனிங் ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்திருக்கிறது. வீல் சிலிண்டர் ரப்பர் கசிந்து பிரேக் ஆயில் ஷூவில் இறங்கியிருக்கிறது. (அந்த ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும். ஆகவே கசிவை நிறுத்தாமல் பெயிண்டில் கை வைக்க மாட்டார். அழகுணர்ச்சி மனிதரை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்!) டிரம் வார்ப்பிரும்பு, ஒரே மழையில் செம்பழுப்பாகிவிடும். அதிலும் இது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் நாடு. பச்சைத் தோலை உப்பில் புரட்டித்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள். அந்த உப்பு நீர் சொட்டிய சாலையில் ஓடுகிற வண்டியின் அடிப்பாகம் சீக்கிரம் துருப்பிடிக்கலாம். ஆக, வெளிப்புறத் துருவுக்குப் பெயிண்ட் என்பது இங்கே வெறும் சிங்காரம் என்று தள்ளிவிட முடியாதது.

“டிரம்மின் வேலையே சூட்டை வெளியே விடுவது. அதற்குச் சட்டை மாட்டினால் வெந்து போகாதா?” என்று மெக்கானிக் கேட்பார். நியாயமான கேள்வி. அம்பாசிடர் எடை சுமார் 1,100 கிலோ. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருவதை ஒரு தடவை நிறுத்தினால் எழும் சூடு, அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கணக்குப் போட்டால் வீட்டில் நாலு பேருக்கு டீ. ஜவ்வாது மலையில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் எத்தனை டீ என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும். ஆனால் மெல்லியதாய் அடித்த ஒரு பூச்சு இந்தச் சூட்டை மறிக்கும் அளவு மிகச் சொற்பம். வெப்பம் வெளியேறத் தடையாக இருப்பது டிரம்மைச் சுற்றி நிற்கிற காற்றுதானே ஒழிய, முடி கனம்கூட இல்லாத பெயிண்ட் அல்ல. சாதாரண எனாமல் கருகி நாறும் என்பது உண்மை. அதனால்தான் இவர் சைலன்சருக்கு அடிக்கிற சூடு தாங்கும் பெயிண்டைத் தேடி ஒவ்வொரு ஹார்டுவேர் கடையாக ஏறி இறங்குகிறார். அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. ஷூ உரசுகிற உள்முகத்திலோ, சக்கரம் வந்து அமர்கிற முகத்திலோ பெயிண்ட் படவே கூடாது. உள்ளே பட்டால் பிரேக் வழுக்கும். சக்கரம் அமர்கிற முகத்தில் தடிப்பாய் இருந்தால், அது நசுங்கி நசுங்கி நட்டு தளரும். இதை அறியாமல் உள்ளும் புறமும் வெள்ளி பூசுகிற பேராசைக்காரர்கள் சிலர் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது: எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டுகிறபோது எல்லோரும்தான் பெயிண்ட் அடிக்கிறார்கள், இதில் என்ன விசேஷம்? சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. புதுப்பிக்கக் காட்டும் அந்த ஆய்வு நாளுக்காக ஜாக்கியே வைக்காமல், சக்கர இடுக்கு வழியாகப் பிரஷை நுழைத்துச் சேற்றின் மேலேயே கறுப்பை அப்புகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அது ஆய்வாளர் கண்ணுக்கு அடித்த பெயிண்ட். நம் ஆள் அடிப்பதற்கு முன் டிரம்மைக் கடைசல் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். உள்ளே கோடு விழுந்திருந்தால், முட்டை வடிவில் தேய்ந்து பெடலில் துடிப்புத் தெரிந்தால், அதைக் கடைந்து எடுக்க வேண்டும். எவ்வளவு கடையலாம் என்பதற்கு எல்லை உண்டு. பல டிரம்களில் அதிகபட்ச விட்டத்தை வார்ப்பிலேயே எழுதியிருப்பார்கள். அந்த எண்ணைத் துரு மூடியிருக்கும். துருவைச் சுரண்டுகிறவருக்கு மட்டுமே அது படிக்கக் கிடைக்கிறது. பட்டறைக்காரர் “இன்னும் ஒரு தடவை கடையலாம் சார்” என்று தைரியம் சொல்லும்போது, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த எண்ணை வாசித்துக் காட்டி, புது டிரம் தேடிப் போகிறவர் இவர். சக்கரத்துக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊத யாரையும் விடமாட்டார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று ஈரத் துணியால் துடைப்பார், துடைத்த துணியைப் பற்றியும் கால் மணி நேரம் பேசுவார்.

இவ்வளவு செய்து வண்டியை ஓட்டுகிறாரா என்றால், ஓட்டித்தான் ஆக வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு ஒரு மழைக்காலம் நிறுத்திவைத்தால் ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்ளும் என்று இவருக்குத் தெரியும். எனவே ஞாயிறு காலை கண்ணமங்கலம் வரை ஒரு சவாரி. அதிலும் ஆளில்லாத இடம் பார்த்து இரண்டு முறை பிரேக் அடித்து, இறங்கி, நான்கு சக்கரத்தையும் தொடாமல் கை காட்டிச் சூடு பார்ப்பார். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அன்று வீட்டில் கறிக்குழம்பு ஆறிப்போகும். டிஸ்க் பிரேக் மாற்றிக்கொள்ளலாமே என்று மருமகன் சொன்னால், அந்த மருமகனுக்கு அடுத்த ஞாயிறு முன்சீட் கிடையாது.

குறை இல்லாத மனிதர் என்று சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவரிடமும் டிரம் பேசுவார். ஆனாலும் கணியம்பாடிப் பக்கம் பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பேனட்டைத் திறக்கும் முன் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கேட்கும் முன்பே ஜாக்கியோடு வந்து நின்றால், சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள். பேரம் பேச அவர் இடம் கொடுக்க மாட்டார்; டிரம்மைப் பற்றிப் பேசி முடிக்கவே இருட்டிவிடும்.