சீசன் எப்படி?

நிலாவெளிப் பக்கம் ஆளை ஆள் கண்டால் சுகம் விசாரிக்கிற வழக்கம் குறைவு. "சீசன் எப்படி?" என்றுதான் கேட்போம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை, பெந்தோட்டைக் கடலும் ஹிக்கடுவைக் கடலும் குமுறிக்கொண்டிருக்கும் நாட்களில், எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அந்த ஐந்து மாத உழைப்பில்தான் மாரி முழுக்கச் சாப்பிட வேண்டும்.

அப்பா கடற்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் வேலை செய்தார். 1977-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு ஐரோப்பாவிலிருந்து கூட்டமாக வரத் தொடங்கினார்கள். வந்தால் இரண்டு கிழமை இருப்பார்கள். முதுகு சிவக்கச் சிவக்க மணலில் கிடப்பார்கள், அப்பா பொரித்த பாரை மீனைச் சாப்பிட்டுவிட்டுக் குசினி வாசலுக்கே வந்து கைகொடுப்பார்கள். 1982-இல் நாட்டுக்கு வந்தவர்கள் 407,230 பேர்; அதுவரை இல்லாத எண்ணிக்கை. அப்பாவின் முதலாளி அடுத்த வருஷம் ஐந்து லட்சம் என்று சொல்லி, புதிதாக ஒரு வரிசை அறைக்கு அத்திவாரமும் வெட்டுவித்தார். அடுத்த வருஷம் 1983. மிச்சத்தைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதன்பின் வந்த இருபத்தாறு வருஷமும் கடற்கரைக்கு ஆட்கள் வந்தார்கள்தான். சீருடையில் வந்தார்கள், அறை வாடகை கேட்க முடியாது. இடையில் 2004-இல் கடலே ஊருக்குள் வந்துபோனது.

2009-க்குப் பிறகு கொழும்பில் மறுபடியும் எண்ணத் தொடங்கினார்கள். 2016-இல் 25 லட்சம் பேர் வருவார்கள் என்று திட்டம் போட்டார்கள். வந்தது இருபதரை லட்சம். குறைசொல்ல மாட்டேன். அப்பாவின் முதலாளியோடு ஒப்பிட்டால் அரசாங்கம் எவ்வளவோ நிதானம். நானும் வங்கியில் கடன் எடுத்து, காணியில் மூன்று அறை கட்டி, வாசலில் பலகை மாட்டினேன்.

2018 ஒக்டோபரில் லோன்லி பிளானட் காரர்கள், அடுத்த ஆண்டு போய்ப்பார்க்க வேண்டிய நாடுகளில் இலங்கைக்கு முதலிடம் கொடுத்தார்கள். அந்த வருஷம் வந்தவர்கள் 23 லட்சத்துக்கு மேல். ஊரில் பெயின்ற் கடைக்காரருக்குத்தான் முதல் சீசன்; எல்லாரும் சுவருக்கு நிறம் அடித்தோம். "அடுத்த ஆண்டு" 2019. ஏப்ரல் 21-இல் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. எங்கள் சீசன் தொடங்குகிற மே மாதத்தில் நாடு முழுவதற்குமே வந்தவர்கள் 37,802 பேர். அதற்கடுத்த வருஷம் கொரோனா வந்து விமான நிலையத்தையே மூடினார்கள். நல்ல எதிர்காலம் இருக்கிறதென்று யாராவது பெரிய மனிதர் இந்தத் தொழிலைப் பற்றி வாய் திறந்தால், நான் மெதுவாகப் போய் அரிசி மூட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அன்றிலிருந்து வந்த பழக்கம்.

ஆனாலும் 2022-க்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியாது.

மார்ச்சில் ரூபா சரிந்தது. 200 ரூபாவாக இருந்த டொலர் 360-ஐத் தாண்டிப் போனது. மாத முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கமே கைவிரித்தது. "டொலர் ஏறினது உங்களுக்கு நல்லம்தானே?" என்று கேட்டவர்கள் உண்டு. கணக்கு என்னவோ சரி: இருபது டொலர் அறை 4,000 ரூபாவாக இருந்தது, 7,200 ஆனது. ஆனால் பருப்பும் பால்மாவும் கோதுமை மாவும் அதே டொலரில்தான் கப்பலேறி வருகின்றன. செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி முந்தைய வருஷத்தைவிட 69.8 வீதம் கூடியிருந்தது. வங்கி வட்டி எனக்கென்று காத்திராமல் ஏறியது. அத்தோடு 7,200 ரூபா தருவதற்கு முதலில் ஒரு ஆள் வரவேண்டும்.

வந்தார் ஒருவர். மே 9-இல் பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச, மறுநாள் குடும்பத்தோடு எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த சீசனின் முதல் பெரிய விருந்தாளி. வாசலில் வரவேற்கவும் ஆட்கள் கூடினார்கள். வரவேற்பில் சொன்ன வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது.

ஜூன் கடைசியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று ஆனது. விமான நிலையத்திலிருந்து நிலாவெளிக்கு ஆறேழு மணி நேர ஓட்டம். வான்காரர் யாரும் அசையவில்லை. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன, பாதிக்கு மேல் பற்றைக்குள். எப்படியோ வந்து சேர்ந்த ஒரு நெதர்லாந்துக்காரர் அவற்றை என்னவென்று கேட்டார். எண்ணெய் சேர்த்துவைக்க என்றேன். "அப்படியானால் எண்ணெய்?" என்றார். புறாத்தீவில் பவளப்பாறை நன்றாகத் தெரிகிற நேரம் இது என்று சொல்லிக் கதையை மாற்றினேன்.

பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்தது. என் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தனி எரிபொருள் அட்டையும் வந்தது. நெதர்லாந்துக்காரர் வாடகை ஓட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு திரிந்தவர். மனைவியைச் சந்தைக்கும் என்னை வங்கிக்கும் அவர்தான் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார். பக்கத்து வீட்டு ஓட்டோக்காரத் தம்பி வேலியால் எட்டிப் பார்த்து, "அண்ணை, உங்கட வெள்ளை நாளைக்கு ஹயருக்கு வருமோ? அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகோணும்" என்று கேட்டான். வந்தார். காசும் வாங்கவில்லை.

காஸ் சிலிண்டர் கிடைக்காததால் கொல்லையில் மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டினோம். மனைவி ஊமல் கொட்டையும் பன்னாடையும் போட்டு, கண் சிவக்கச் சிவக்க ஊதுவாள். நெதர்லாந்துக்காரர் அதை எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். "படம் எடுக்கிறவரை ஒருக்கா ஊதிப் பாக்கச் சொல்லுங்கோ" என்றாள் மனைவி. அவர் ஊதினார், இருமினார், அதற்கும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போய் எங்களைப் பற்றி இணையத்தில் என்ன எழுதினாரோ, அதற்குப்பின் வருகிறவர்கள் எல்லாம் "அந்த அடுப்பு எங்கே?" என்கிறார்கள். காஸ் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் பலகையில் "பாரம்பரிய விறகடுப்புச் சமையல்" என்று எழுதி, தலைக்கு 500 ரூபா கூட்டி வாங்குகிறோம். அப்பா இருந்திருந்தால் பலகையைக் கழற்றி அதே அடுப்பில் வைத்திருப்பார். புகையில்லாக் குசினியில் நிற்க வேண்டும் என்பதற்காகவே ஹோட்டல் வேலைக்குப் போனவர் அவர்.

2024-இல் மறுபடியும் இருபதரை லட்சம் பேர் வந்தார்கள். நாடு மீண்டுவிட்டது, தொழிலுக்கு நல்ல காலம் என்று பேச்சு. தலையை எண்ணினால் உண்மைதான். 2017-இலும் ஏறக்குறைய இதே தலைகள். ஆனால் அப்போது நாட்டுக்குக் கிடைத்தது 390 கோடி டொலருக்கு மேல், 2024-இல் 317 கோடி. இரண்டு கிழமை கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது இரண்டு இரவு தங்குகிறார்கள், மடிக்கணினியும் காதுக்குள் ஒரு குமிழுமாக. வைஃபை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கடல் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

எண்ணாத தலைகள் வேறு இருக்கின்றன. 2022-இல் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் எங்கள் ஆட்கள் வேலைக்கென்று பதிந்து வெளிநாடு போனார்கள். அப்பா பக்கத்தில் நிறுத்தி மீன் வெட்டப் பழக்கிய பொடியன் ஒருவன், என் குசினியையும் கொஞ்சக்காலம் பார்த்தவன், இப்போது மாலைதீவில் ஒரு ரிசோர்ட்டில் நிற்கிறான். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் எங்கள் மீன்பொரியலைத் தேடி வந்தார்கள். இப்போது மீன்பொரியல் அவர்களைத் தேடிப் போகிறது. எனக்கு ஆள் இல்லை. சீசன் நிறைந்திருக்கும் நாளில் நானே வெங்காயம் உரிக்கிறேன்.

போன கிழமை வாட்ஸ்அப்பில் வந்தான்.

"மாமா, இங்க ஒரு ஜெர்மன் சோடி. அடுத்த மாசம் உங்கட பக்கம் வருதுகளாம். நம்பர் குடுத்திட்டன். எனக்குப் பத்து வீதம் கொமிஷன், டொலரில."

"பதினஞ்சு தாறன், நீ லீவில வந்து ஒரு மாசம் குசினியில நில்" என்றேன்.

சிரித்துவிட்டுத் தன் சம்பளத்தைச் சொன்னான். "உங்களுக்குக் கட்டாது மாமா."