முகூர்த்த நாள்களும் வருகைப் பதிவேடும்: கல்விக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாட்சிமை பொருந்திய கல்விக் குழுவினர், பல்கலைக்கழக ஆட்சிக் கட்டடம்.

பொருள்: மாணவர் வருகைக் குறைவு – பஞ்சாங்கத்தை ஒட்டிக் கல்வி நாள்காட்டியைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

ஒரு பருவத்தில் நடக்கும் வகுப்புகளில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமல் வந்தவரே பருவத்தேர்வு எழுதலாம் என்பது தமிழகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வழங்கும் விதி. 90 வேலை நாள்கள் கொண்ட பருவத்தில் 68 நாள் வந்தாக வேண்டும். எஞ்சிய 22 நாள் வராதிருக்கலாம். இந்த 22 நாள்கள் எத்தகைய மாணவரைக் கருதி அளக்கப்பட்டன என்று விதிநூல் சொல்லவில்லை. எனினும், காய்ச்சல், ஊர்த்திருவிழா, உறவினர் திருமணம் ஆகியவற்றுக்கு மேல் வாழ்க்கையில் இடையூறு ஏதும் இல்லாத, வீட்டில் வேறொருவர் சம்பாதித்துப் போடுகிற ஒருவரே குழுவின் மனக்கண்ணில் நின்றிருக்க வேண்டும் என ஊகிக்க இடமுண்டு. உறவினர் திருமணத்தில் உட்கார்ந்து உண்டவரை விதி அறியும். அதே மண்டபத்தில் இலை போட்டுச் சாம்பார் வாளி தூக்கி நடந்தவரை அது இன்னும் அறியவில்லை. அவ்வறிமுகத்தைச் செய்துவைப்பதே இம்மடலின் பணிவான நோக்கம்.

பந்தி என்பது உணவுக்கூடத்தில் ஒரே வேளையில் அமர்ந்து உண்போரின் வரிசை. பெரிய திருமணங்களில் ஒரு வேளைச் சாப்பாடே பல பந்திகளாக நடக்கும். விருந்தை ஏற்று நடத்தும் ஒப்பந்தக்காரர் சமையல் மாஸ்டர்களை நிலையாக வைத்துக்கொண்டு, பரிமாறும் ஆள்களை மட்டும் அந்தந்த நாளுக்குத் திரட்டுவார். அவ்வாறு திரட்டப்படுவோரில் கல்லூரி மாணவர் ஏராளம், ‘கேட்டரிங் வேலை’ என அவர்கள் நாவில் வழங்குவதும் இதுவே. முந்தின நாள் மாலை வரவேற்பு விருந்தில் தொடங்கும் பணி இரவு பதினொன்றைத் தாண்டும். பிறகு சரக்கறையில் அரிசி மூட்டைக்கும் எவர்சில்வர் அண்டாவுக்கும் நடுவே ஜமக்காளம் விரித்துச் சற்றுக் கண்ணயர்ந்தால், விடிவதற்குள் எழுப்பி இட்லித் தட்டைக் கையில் கொடுத்துவிடுவர். அடுத்து மதியச் சாப்பாடு. கூலி அன்றே கைக்கு வந்துவிடும். மாதச் சம்பள வேலை மாணவரின் பகற்பொழுது முழுவதையும் கேட்கையில், இவ்வேலை நல்ல நாள்களை மட்டுமே கேட்பதால், படிப்பை விடாமல் பிழைக்க வழிதேடுவோர் இதனை நாடுவதில் வியப்பில்லை.

முற்காலத்தில் வாரச்சாப்பாடு என்றொரு வழக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து படிக்க வந்த ஏழை மாணவருக்கு வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் சோறு போடுவர். அந்த வீட்டுக் கதவுகள் எல்லாச் சாதி மாணவருக்கும் திறந்தவை அல்ல என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். இன்று மாணவருக்கு ஊர் சோறு போடுவதில்லை. ஊருக்கு மாணவர் சோறு போடுகிறார். இது முன்னேற்றமே எனக் கல்விக் குழு கருதுமாயின், மறுத்துரைக்க இயலாது.

அரசுக் கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் இல்லையே, புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றனவே, பின் வேலை எதற்கு என்று குழு உறுப்பினர் ஒருவர் கேட்கக்கூடும். தகுதியான கேள்விதான். ஆயினும் உதவிபெறும் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகள், அதாவது அரசு மானியமின்றி மாணவர் கட்டணத்தாலேயே நடக்கும் வகுப்புகள், கற்பிப்புக் கட்டணமில்லாச் சலுகைக்கு வெளியே நிற்கின்றன; தேர்வுக் கட்டணம், அறை வாடகை, வீட்டுக் கடனுக்கான வட்டி ஆகியவையும் அந்த 1,000 ரூபாயைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு போதாமல் எழுகின்றன.

இனி, வருகைக் குறைவுக்கும் வானியலுக்கும் உள்ள தொடர்பு ஆராயத்தக்கது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் திருமணம் நடத்துவதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பர். ஆவணியிலும் தையிலும் மண்டபம் கிடைப்பதே அரிது. கல்லூரியின் வருகைப் பதிவேட்டைப் பஞ்சாங்கத்தின் பக்கத்தில் விரித்துவைத்து நோக்கினால், ஆடியில் செழித்திருந்த கடைசி பெஞ்சு ஆவணி வளர்பிறையில் இளைக்கும் காரணம் ஒழுக்கக்கேடன்று, திருக்கணிதம் என்பது புலப்படும். எனவே பருவத்தின் கடினமான பாடங்கள் அனைத்தையும் ஆடி மாதத்துக்குள் நடத்தி முடிப்பது குறித்துக் குழு பரிசீலிக்கலாம். நாள்காட்டி தயாரிக்கும் துணைக்குழுவில் சோதிடர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வகுப்புக்கு வராமலே வந்ததாகக் கணக்கிடும் வழி ஒன்று கல்லூரிகளில் ஏற்கெனவே உண்டு. அதன் பெயர் ஓ.டி.; கல்லூரியின் பொருட்டு வெளியில் பணியாற்றும் மாணவருக்கு அந்நாளின் வருகையை அளிப்பது அது. 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தவர் இரண்டாண்டில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும்; அத்தொண்டின் பகுதியாக ஒரு கோவில் விழாவின் அன்னதானத்தில் கல்லூரி அனுப்பிப் பரிமாறினால் ஓ.டி. கிடைக்கக்கூடும், சான்றிதழும் கிடைக்கக்கூடும். அதே மாணவர், அதே வாளி, அதே சாம்பார், ஆனால் இடம் திருமண மண்டபம், முடிவில் கையில் சில நூறு ரூபாய் என்றால் அந்நாள் ‘வரவில்லை’ எனப் பதியப்படும். ஆகவே, பரிமாறுதல் கல்விக்கு உகந்த செயலே என்றும், கூலி பெறுவதால் மட்டுமே அது மாசுபடுகிறது என்றும் விதியின் உட்கிடையைக் கொள்ளலாம். மாணவர்கள் தம் கூலியைத் துறந்துவிட்டு ஓ.டி. பெற முன்வரலாமென யோசனை கூறப்பட்டதுண்டு. அறை வாடகையைத் துறக்க வீட்டு உரிமையாளர் முன்வராமையால் அது கைவிடப்பட்டது.

2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறைப்படி, வகுப்பு நேரங்கள் மோதாதவாறு பார்த்துக்கொண்டால் ஒருவர் இரண்டு முழுநேரப் பட்டப்படிப்புகளை ஒரே காலத்தில் படிக்கலாம். ஒரே மாணவரின் ஒரே நாளில் இரண்டு கல்லூரிகளுக்கு இடமுண்டு என்று ஏற்ற உயர்கல்வி, ஒரு கல்லூரிக்கும் ஒரு வேலைக்கும் இடம் வேண்டியிருக்கும் என எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இரு சுழற்சி வகுப்புகள் நடக்கும் கல்லூரிகளில் காலை வகுப்பினர் மாலையிலும் பிற்பகல் வகுப்பினர் காலையிலும் வேலைக்குப் போக முடிகிறது. ஆனால் இது நல்கைத் திட்டமன்று, வகுப்பறைப் பற்றாக்குறையின் உபயம். அந்தப் பற்றாக்குறை நீங்கிவிடாதிருக்கப் பலர் வேண்டிக்கொள்வதைக் கட்டடக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டாம்.

பந்தியோடு இப்பட்டியல் முடியவில்லை. துணிக்கடை, பேரங்காடி, மருந்துக்கடை ஆகியவற்றில் மாலை வேளையில் நிற்போரில் மாணவியர் மிகுதி. நிற்பது என்ற சொல் இங்கு நேர்ப்பொருளிலேயே ஆளப்படுகிறது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்க்கு இருக்கை அளித்தாக வேண்டும் என்று சட்டமன்றம் விதித்தது. நாள் முழுதும் நிற்பவர் சற்று உட்கார வேண்டும் என்பதற்கே சட்டம் தேவைப்பட்டது. மறுநாள் முதல் மணி வகுப்பில் அம்மாணவி உட்கார்ந்தவாறே உறங்கிவிட்டால், அதனைப் பாட அவமதிப்பாகக் கொள்ளாது, தாமதமாக நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் பயனாகக் கொள்ளுமாறு பேராசிரியர்கள் வேண்டப்படுகின்றனர்.

எல்லாவற்றிலும் நுட்பமானது காண்டனேஷன் ஏற்பாடு. வருகை 65 முதல் 74 விழுக்காடு வரை இருப்பவர் உரிய படிவத்துடன் ஒரு கட்டணம் செலுத்திக் குறைவைப் பொறுத்தருளப் பெறலாம் என்பதே அது. அதற்கும் கீழே போனவர் அப்பருவத் தேர்வை இழப்பார், மேலும் கீழே போனால் பருவத்தையே திரும்பப் படிப்பார். பணம் இல்லாமையால் வகுப்புக்கு வராதவரிடம் வராமைக்காகப் பணம் கேட்கும் இவ்விதியில் ஓர் அழகான வட்டம் இருக்கிறது: கட்டணத்தைக் கட்ட இன்னொரு முகூர்த்தத்துக்குப் போக வேண்டும், அங்கே போனால் விழுக்காடு இன்னும் இறங்கும். மன்னிப்பை விற்ற மத்தியகால ஐரோப்பியத் திருச்சபை கூட, வாங்குவோர் மேலும் பாவம் செய்யாமலே விலையைக் கொடுக்க வழிவிட்டிருந்தது.

படிவத்தில் காரணம் கேட்கும் இடத்தில் பெரும்பாலும் ஏற்கப்படுவது நோயே. ஆகவே மருத்துவச் சான்று இணைக்கப்படுகிறது. இதன் விளைவாக, இரண்டு நாள் உறக்கமின்றி முந்நூறு பேருக்குப் பரிமாறும் உடற்கட்டு வாய்ந்த இளைஞர்கள் ஆவணிதோறும் மஞ்சள் காமாலையாலும் தைதோறும் டைபாய்டாலும் பீடிக்கப்படுகின்றனர். வளர்பிறையில் மட்டும் பரவும் இந்நோய்களை மருத்துவ உலகம் இதுவரை கவனிக்காதது வருந்தத்தக்கது.

ஆதலால் கல்விக் குழு, கூலிக்குப் பரிமாறிய நாளுக்கும் ஒப்பந்தக்காரரின் சான்று பெற்று ஓ.டி. அளிக்க வேண்டும், அது இயலாதெனில், படிவத்தின் நோய்ப் பட்டியலில் ‘வாடகை’ என்பதையும் சேர்க்க வேண்டும், அதுவும் இயலாதெனில், காண்டனேஷன் கட்டணத்தை மாதத் தவணையில் செலுத்த அனுமதிக்க வேண்டும். இவ்விண்ணப்பத்துக்குப் பரிசீலனைக் கட்டணம் ஏதும் உண்டெனில் அடுத்த முகூர்த்தம் முடிந்ததும் செலுத்தப்படும். ரசீது எழுதும்போதே அந்நாளின் வருகைக் குறைவையும் அதே அலுவலர் குறித்துக்கொள்வாராயின் ஒரு நடை மிச்சமாகும்.